மாமியின்ர கரண்ட் கடிதம்

குழு: பெரிய வீட்டு ஆக்கள்
3 ஒக்டோபர், வெள்ளி

தேவி மாமி: [படம்]

தேவி மாமி: பிள்ளையள் இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. எங்கட காஸ் கரண்ட் கொம்பனியை வேற கொம்பனி வாங்கிட்டுதாம். விலை மாறாமல் இருக்க எடுத்த என்ர ஃபிக்ஸ் டீல் என்ன ஆகும்?

குலம் சித்தப்பா: அக்கா ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. கொம்பனி மாறினா கொன்ராக்ட் செத்துப்போச்சு. 2021 இல எனக்கும் இப்பிடித்தான் வந்தது. இடையில விட்டிட்டுப் போறதுக்கு எடுக்கிற எக்ஸிட் ஃபீ ஒரு பென்னியும் எடுக்கேல்லை.

சுதன்: அதுதான் நானும் மாமிக்குச் சொன்னனான். முந்தநாளே வேற கொம்பனிக்கு மாத்தி விட்டாச்சு. ரெண்டு நிமிச வேலை. மாதம் 10 பவுண் மிச்சம் 💪

நிலா: அத்தான் கொஞ்சம் நில்லுங்கோ. மாமி, கடிதத்தில மற்றப் பக்கங்கள் எங்க?

தேவி மாமி: [குரல் பதிவு 1:47]

கவி: அம்மா நான் வேலையில, வொய்ஸ் கேக்கேலாது. படம் எடுத்துப் போடுங்கோ.

தேவி மாமி: [படம்]

கவி: அம்மா இது உங்கட முழங்கால்.

தேவி மாமி: [படம்] [படம்]

நிலா: ஆ, வந்திட்டுது. மூண்டாம் பக்கம் கீழ, எறும்பு மாதிரி எழுத்தில ஒரு பெட்டி இருக்கு. "டாரிஃப் முடியும் திகதி: 30 நவம்பர். எக்ஸிட் ஃபீ: ஒரு ஃபியூலுக்கு 50 பவுண்." அதுக்கு மேல, உங்கட விலையும் நிபந்தனையளும் மாறாது, அப்பிடியே புதுக் கொம்பனிக்கு வரும் எண்டும் கிடக்கு.

தேவி மாமி: 50 பவுணோ 😳

நிலா: காஸுக்கு 50, கரண்டுக்கு 50. நூறு மாமி.

குலம் சித்தப்பா: அதெப்பிடி? எனக்கு எடுக்கேல்லையே. வந்த கடிதமும் உதே மாதிரித்தான் "வாங்கோ வாங்கோ" எண்டு பெரிய எழுத்தில.

நிலா: சித்தப்பா, உங்கட கொம்பனியை ஒருத்தரும் வாங்கேல்லை, அது முறிஞ்சது. 2021 இல காஸின்ர மொத்த விலை ஏற, சின்னக் கொம்பனியள் வரிசையா விழுந்தது ஞாபகமோ? அப்ப இஞ்ச யூகேயில காஸ் கரண்ட் கொம்பனியளைக் கட்டுப்படுத்திற ஆஃப்ஜெம்தான் உங்களை இன்னொரு கொம்பனிட்டக் குடுத்தது. முறிஞ்சா பழைய ஃபிக்ஸ் அதோட சரி. விட்டிட்டுப் போறதுக்கு எக்ஸிட் ஃபீ கேக்கேலாது. அதில கூடக் கட்டிக் கிடந்த உங்கட கிரெடிட் காசுக்கும் பாதுகாப்பு இருந்தது.

நிலா: மாமியின்ரது விற்பனை. 2020 ஜனவரியில ஓவோ எண்ட கொம்பனி எஸ்எஸ்இ கொம்பனியின்ர வீட்டுக் கஸ்டமர் வியாபாரத்தை வாங்கினது, 2023 டிசம்பரில ஒக்டோபஸ் எண்ட கொம்பனி ஷெல் எனர்ஜியின்ர வீட்டு வியாபாரத்தை எடுத்தது, அந்த வகை. ஆரும் விழேல்லை. ஆக்களையும் கொன்ராக்ட்டையும் சேர்த்துத்தான் விலை பேசுவினம்.

குலம் சித்தப்பா: அப்ப கடை கைமாறினா கடன் கொப்பியும் கைமாறும் எண்டு சொல்லு.

நிலா: அதேதான் 😄 ஆனா கொப்பி ரெண்டு பக்கமும் வேலை செய்யும். வாங்கினவன் மாமிக்கு ஃபிக்ஸ் விலையை ஏத்தவும் ஏலாது. சில கொம்பனியள் கைமாறேக்க தாங்களா எக்ஸிட் ஃபீயை விட்டுக் குடுக்கிறதும் இருக்கு, அதுக்குத்தான் முழுப் பக்கமும் கேட்டனான். இந்தக் கடிதத்தில அப்பிடி ஒரு வரியும் இல்லை.

சுதன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவி: சுதன், பாத்திட்டன் 😑

சுதன்: சரி இப்ப என்ன செய்யிறது? மாத்தச் சொல்லிக் குடுத்தாச்சே. அஞ்சு வேலைநாளில மாறிடும் எண்டு போட்டிருக்கு.

நிலா: கையெழுத்து வச்சு 14 நாளுக்குள்ள மனம் மாறலாம் அத்தான். முந்தநாள் எண்டா 1ம் திகதி, நிறைய நேரம் இருக்கு. ஆனா மாறி முடியிறதுக்குள்ள நிப்பாட்டினாத்தான் சுகம். மாமி நாளைக்குக் காலமையே அந்தப் புது ஆக்களுக்கு அடிச்சு, வேண்டாம் எண்டு சொல்லவேணும். இமெயிலும் ஒண்டு போடுங்கோ, சொன்னதுக்கு அடையாளம் இருக்கட்டும்.

தேவி மாமி: அப்ப நவம்பர் 30 மட்டும் இவங்களோடயே இருக்கோணுமோ?

நிலா: இல்லை மாமி, இதுதான் விசயம். ஃபிக்ஸ் முடியிறதுக்கு 49 நாள் இருக்கேக்க இருந்து எக்ஸிட் ஃபீ எடுக்க ஆஃப்ஜெம் விடாது. நவம்பர் 30 இல இருந்து 49 நாள் பின்னுக்கு எண்ணுங்கோ. ஒக்டோபர் 12.

கவி: இண்டைக்கு 3!!! ஒன்பது நாளா??

நிலா: ஒன்பது நாள். மாதம் 10 பவுண் மிச்சம் எண்டா ஒன்பது நாளுக்கு 3 பவுண். அந்த 3 பவுணுக்குத்தான் அத்தான் நூறு பவுண் கட்ட வைக்கப் பாத்தவர்.

குலம் சித்தப்பா: 😂😂😂 மருமகன்

சுதன்: மாமா நீங்கள்தான் முதல் சொன்னது கொன்ராக்ட் செத்துப்போச்சு எண்டு.

சுதன்: ஒரு கேள்வி. 12ம் திகதி அந்த டீல் இல்லாமல் போனா? விலை ஏறினா?

நிலா: போகலாம், அது உண்மை. ஆனா அந்த நூறை மீட்கவே மாமிக்குப் பத்து மாதம் போகும். வேற டீல் ஒண்டு கொஞ்சம் கூடவா வந்தாலும் நட்டமில்லை. ஒண்டுமே செய்யாமல் விட்டாலும் கரண்ட் வெட்டமாட்டினம் மாமி, விலை ஏறி இறங்கிற சாதாரண வேரியபிள் டீலுக்குத் தள்ளுவினம். அதுக்கு ஆஃப்ஜெம்மின்ர விலை வரம்பு இருக்கு, மூண்டு மாதத்துக்கு ஒருக்கா மாறும், எக்ஸிட் ஃபீ இல்லை.

கவி: எங்களுக்கும் அதே கொம்பனிதான். ஃபிக்ஸ் அடுத்த ஒகஸ்ட் 31 மட்டும். அதே 50, 50. இப்ப மாறினா மாதம் 20 குறையும் எண்டு இவர் சொல்லுறார். அதுவும் பிழையோ?

நிலா: அது வேற கணக்கு மச்சாள். உங்களுக்கு ஃபீ இல்லாமல் போகக்கூடிய நாள் ஜூலை 13. அதுக்கு ஒன்பது மாதம் கிடக்கு. 180 மிச்சம், 100 போனா 80 கையில. கட்டிப்போட்டுப் போறது நல்லம். புதுசிலயும் எக்ஸிட் ஃபீ எவ்வளவு எண்டு பாத்து எடுங்கோ.

சுதன்: பாத்தீங்களா. நான் முழுக்கப் பிழை இல்லை.

கவி: 🙄

பவானி அக்கா: நிலா, எனக்கும் அந்தக் கொம்பனிதான். நான் எடுக்கேக்க எக்ஸிட் ஃபீ இல்லாத டீல் எண்டுதான் எடுத்தனான். இப்ப புது ஆப்பில 75 எண்டு காட்டுது.

நிலா: அக்கா அந்தப் பழைய இமெயில் இருக்கோ? டீல் எடுத்த அண்டைக்கு வந்தது.

பவானி அக்கா: தேடினா இருக்கும். 2000 இமெயில் வாசிக்காமக் கிடக்கு.

நிலா: தேடி எடுங்கோ, அதுதான் கொன்ராக்ட். ஆப் என்ன காட்டினாலும் நீங்கள் ஒத்துக்கொண்டது அது. கணக்கை அங்கால கொண்டுபோகேக்க விட்ட பிழையாத்தான் இருக்கும். ஆப்பை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து ரெண்டையும் சேர்த்து எழுத்தில முறைப்பாடு குடுங்கோ. எட்டுக் கிழமையில தீரேல்லை எண்டா முறைப்பாடு விசாரிக்கிற எனர்ஜி ஒம்புட்ஸ்மனிட்டப் போகலாம், அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. அவை சொல்லுறதை நீங்கள் ஏற்றா கொம்பனி கேட்டுத்தான் ஆகவேணும்.

குலம் சித்தப்பா: [அனுப்பப்பட்டது] பழைய கொம்பனியின் ரிஃபண்ட்! இங்கே அழுத்தி வங்கி விபரத்தைக் கொடுக்கவும்

கவி: மாமா!!! உதை அழுத்தாதேங்கோ. கள்ளர். கைமாறேக்கதான் உவையள் கூட வருவினம்.

குலம் சித்தப்பா: அழுத்தேல்லை பிள்ளை. கேக்கத்தான் போட்டனான்.

தேவி மாமி: என்ர கணக்கில 214 பவுண் கூடக் கட்டிக் கிடக்கு. அது?

நிலா: அதுவும் அப்பிடியே புது ஆக்களிட்டப் போகும் மாமி, டைரக்ட் டெபிட்டும்தான். பிறகு நீங்கள் விட்டிட்டுப் போனா ஆறு கிழமைக்குள்ள கடைசி பில் வரவேணும், அதுக்குப் பிறகு பத்து வேலைநாளில காசு. போற அண்டைக்கு ரெண்டு மீட்டரையும் படம் எடுத்து வையுங்கோ. முழங்காலை இல்லை 😄

4 ஒக்டோபர், சனி

தேவி மாமி: கான்சல் பண்ணியாச்சு. 35 நிமிசம் ஒரே பாட்டைக் கேட்டனான். இமெயிலும் நானே அனுப்பினனான்.

நிலா: ❤️

தேவி மாமி: 12ம் திகதி கலண்டரில சிவப்பால வட்டம் போட்டிருக்கு. அண்டைக்குப் பின்னேரம் நிலா வாரும், ரெண்டு பேருமா இருந்து பாப்பம். சுதன் தம்பி, நீங்கள் சாப்பிட மட்டும் வாங்கோ.

சுதன்: 🙏