முதல் கூம்பாவிடம் மாண்டவர்கள்: மரியோவின் சில்லறை எதிரிகளோடு நமது அனுபவங்கள்

எட்டாம் உலகம்

சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் கோட்டையில் நெருப்பு உமிழும் வில்லன் பவுசரையும் அவனிடம் சிக்கிய இளவரசியையும் பற்றித்தான் சொல்கிறார்கள். பவுசரிடம் நான் இழந்த உயிர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வழியில் நடந்து வந்த சில்லறை எதிரிகளிடம் இழந்தவற்றுக்குக் கணக்கே கிடையாது. ஆகவே இங்கே அந்தச் சில்லறைகளைப் பற்றி மட்டும் எழுதுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், திருநெல்வேலியில் மாமா வீட்டில், டிவியோடு இணைத்து ஆடும் ஒரு நகல் இயந்திரத்தில் அந்த ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்தேன். ஜப்பானில் அது 1985 செப்டம்பர் 13 அன்றே வெளிவந்துவிட்டது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மாமா மகன் ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்து, "நட" என்று மட்டும் சொன்னான். நானும் நடந்தேன். எதிரே பழுப்பு நிறத்தில், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, காளான் போன்ற ஓர் உருவம் தத்தித் தத்தி வந்தது. அதன்மேல் மோதினால் என்ன ஆகும் என்று யோசிப்பதற்குள் மோதிவிட்டேன். மரியோ கைகளை விரித்துக்கொண்டு திரைக்குக் கீழே போய்விட்டான். ஆட்டம் தொடங்கிச் சில நொடிகள்கூட ஆகவில்லை. வீடே சிரித்தது.

அதன் பெயர் கூம்பா என்று பல ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்தேன். ஜப்பானிய மொழியில் அது குரிபோ. 'குரி' என்றால் செஸ்ட்நட் கொட்டை. ஆக, நாங்கள் காளான் என்று வைதுகொண்டிருந்தது ஜப்பானியக் காதுக்குக் கொட்டையாகவே ஒலித்திருக்கிறது. அதைவிட வியப்பான செய்தி, நாம் முதலில் சந்திக்கும் இந்த எதிரிதான் கடைசியில் உருவாக்கப்பட்டது என்பது. முதலில் ஆமைகள் மட்டுமே இருந்தன என்றும், மிதித்தபின் அதன் ஓட்டை உதைக்கவும் வேண்டிய அந்த ஆமை புதிதாக ஆடுபவர்களுக்குக் கடினமாக இருந்ததால் மிதித்தவுடன் ஒழியும் எளிய எதிரி ஒன்று தேவைப்பட்டது என்றும் ஆட்டத்தை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். அதாவது, என் போன்றவன் சாகக்கூடாது என்பதற்காகச் சேர்க்கப்பட்ட எதிரியிடம்தான் நான் செத்திருக்கிறேன்.

இத்தனை ஆண்டுகள் ஆடிய பிறகு என் முடிவு இதுதான்: கூம்பா நம்மைக் கொல்ல வருவதே இல்லை. அது நம்மைப் பார்ப்பதுகூட இல்லை. இடப்பக்கம் நடக்கிறது, குழாயில் இடித்தால் திரும்புகிறது, பள்ளம் வந்தால் விழுகிறது. நாம்தான் போய் இடித்துவிட்டு அதன்மேல் பழி போடுகிறோம். மறுப்பவர்கள் தங்கள் அனுபவத்தோடு வரவும்.

இரண்டாம் ஜாய்ஸ்டிக்

மறுக்க வரவில்லை, ஆனால் எனக்கும் கூம்பாவுக்கும் உள்ள உறவு சற்று வேறானது.

எங்கள் வீட்டில் முதல் ஜாய்ஸ்டிக் அண்ணனுடையது. அந்த ஆட்டத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஆட முடியாது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும்: மரியோ ஓர் உயிரை இழந்தால்தான் இரண்டாமவர் ஆடும் லூயிஜிக்கு முறை வரும். அண்ணன் நன்றாக ஆடக்கூடியவன். ஆகவே நான் இரண்டாம் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு, பொத்தானைச் சும்மா அழுத்திக்கொண்டு, அவன் சாவதற்காக அரைமணி நேரம் காத்திருப்பேன். அந்த நேரங்களில் திரையில் தெரிந்த ஒவ்வொரு கூம்பாவும் என் கட்சிக்காரன். "இன்னும் கொஞ்சம் முன்னே வா" என்று மனத்துக்குள் அதை அழைத்துக்கொண்டிருப்பேன். முறை எனக்கு வந்ததும் அதே கூம்பா எதிரியாகிவிடும். அந்தக் கட்சி மாற்றத்தைப் பற்றி நான் வெட்கப்பட்டதே இல்லை.

காத்திருந்து பார்த்ததில் ஒரு நன்மை உண்டு. ஆடுகிறவன் தன் காலடியை மட்டும் பார்ப்பான். பார்த்துக்கொண்டிருப்பவள் எதிரிகளின் நடையைப் பார்ப்பாள். பச்சை ஆமை விளிம்பு வந்தாலும் நிற்காமல் நடந்து விழுந்துவிடும் என்பதையும், சிவப்பு ஆமை விளிம்புவரை வந்து திரும்பிக்கொள்ளும் என்பதையும் எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான். குழாயின் மேல் நின்றாலோ அதை ஒட்டி நின்றாலோ உள்ளிருக்கும் கடிக்கும் பூ வெளியே வராது என்பதையும் நான்தான் சொன்னேன். இரண்டையும் அண்ணன் தன் கண்டுபிடிப்பாகத் தெருவில் சொல்லிக்கொண்டான்.

ஆமை ஓடு

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆகவே என் அனுபவத்தில் கொஞ்சம் கணக்கு கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

மூன்றாம் உலகத்தின் முதல் ஸ்டேஜ் முடியும் இடத்தில், கொடிக்கம்பத்துக்கு முன்னுள்ள படிக்கட்டில் இரண்டு ஆமைகள் இறங்கி வரும். அவற்றில் ஒன்றைச் சரியான நேரத்தில் மிதித்தால், அதன் ஓடு படியில் மோதித் திரும்பி மரியோவின் காலுக்கே வரும். அவன் எகிறி விழ, மறுபடி மிதிபடும். தரையைத் தொடாமல் மிதிக்க மிதிக்கப் புள்ளிகள் 100, 200, 400, 500, 800, 1000, 2000, 4000, 5000, 8000 என்று ஏறி, அதன்பின் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் உயிர் கிடைக்கும். பொறியியல் கல்லூரி விடுதியில், கணினியில் எமுலேட்டர் (பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள்) வழியாக அந்த ஆட்டத்தை மீண்டும் ஆடிய ஓர் இரவில், அந்த ஒற்றை ஆமையை எத்தனை முறை மிதித்தோம் என்று எனக்கே தெரியாது. உயிர்களின் எண்ணிக்கை பத்தைத் தாண்டியதும் எண்ணுக்குப் பதிலாகக் கிரீடம் போன்ற குறி வந்தது; பிறகு விளங்காத குறிகளெல்லாம் வந்தன. இனி விடிய விடிய ஆடலாம் என்று எழுந்து தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து, அடுத்த ஸ்டேஜில் ஒரு பள்ளத்தில் விழுந்தோம். ஆட்டம் முடிந்துவிட்டது. ஒரே சாவு, அத்தனை உயிரும் போயிற்று.

காரணம் மிக எளிது. உயிர்களின் எண்ணிக்கை ஒற்றை பைட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. 127-ஐத் தாண்டினால் அதன் மேல் பிட் ஒன்றாகிவிடுவதால் ஆட்டம் அதை எதிர்ம எண்ணாகப் படிக்கிறது, அதாவது உயிரே இல்லை என்று கொள்கிறது. பேராசைக்காரனைத் தண்டித்தது பவுசரும் அல்ல, சுத்தியலும் அல்ல. நாங்கள் நூறு தடவைக்கு மேல் மிதித்த ஆமை.

அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. எட்டு உலகங்கள், 32 ஸ்டேஜ்கள், இசை, படங்கள் எல்லாம் சேர்த்து. தொடக்கப் பதிவில் கூம்பா தத்தித் தத்தி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நடப்பதற்கென்று இரண்டு படங்கள் இல்லை. இருக்கும் ஒரே படத்தை இடவலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். கடைசியில் சேர்ந்தவனுக்கு மீந்திருந்த இடம் அவ்வளவே. தொழில்முறையில் நான் பார்த்த சிக்கனங்களில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு இன்னொன்று இல்லை.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். ஆட்டத்தை முடித்தவர்களுக்கு மீண்டும் முதலிலிருந்து ஆட ஒரு வாய்ப்பு வரும். அதில் கூம்பாக்கள் இருந்த இடங்களிலெல்லாம் கருவண்டு போன்ற பஸி பீட்டில்கள் நிற்கும். நெருப்புப் பந்து அவற்றின் ஓட்டில் பட்டு வீணாகும். கூம்பாவைக் கேலி செய்கிறவர்கள் அந்த இரண்டாம் சுற்றை ஒருமுறை ஆடிப்பார்க்க வேண்டும். பழைய கூம்பாவை நினைத்து ஏங்குவார்கள்.

மேகத்தடி

சுருக்கமாக என் அனுபவம். நாலாம் உலகத்தின் முதல் ஸ்டேஜில் மேகத்தில் உட்கார்ந்து தலைக்கு மேலேயே வந்து, முள் முட்டைகளைப் போட்டுக்கொண்டே இருப்பவன் லக்கிட்டு. "நம்மைப் பார்ப்பதுகூட இல்லை" என்று தொடக்கப் பதிவில் சொன்னது இவனுக்குப் பொருந்தாது. இவன் நம்மை மட்டுமே பார்க்கிறான். கீழே விழுந்த முட்டை முள் ஆமையாகிறது, அதை மிதிக்கவும் முடியாது. நின்று யோசிப்பவனுக்கு நிமிடத்துக்கு நிமிடம் கடன் ஏறுவதுபோலத் தரை முழுவதும் முள் நிரம்பும். ஓடிக்கொண்டே இருப்பதுதான் வழி என்று புரிய எனக்கு ஒரு முழு விடுமுறை ஆயிற்று; அதற்குள் மின்வெட்டு வேறு. அந்த ஆட்டத்தில் சேமிக்கும் வசதி கிடையாது என்பதால், மின்சாரம் போனால் மறுபடி முதல் கூம்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிறகு 1996-இல் வந்த சூப்பர் மரியோ 64 ஆட்டத்தில் இதே லக்கிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் பின்னால் வருகிறான். நாம் காணும் காட்சியெல்லாம் அவன் பிடிப்பதுதான். பின்தொடர்வதில் அவ்வளவு பழக்கம் உள்ளவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலையைக் கொடுத்திருக்க முடியாது. ஆயினும் அந்த ஆட்டத்தில் சுவரோரம் போகும்போது கேமரா படுத்தும் பாட்டைப் பார்த்தால், அவன் பழைய பகையை மறக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இரண்டாம் ஜாய்ஸ்டிக்

பார்ப்பது, பாராதது என்று பேச்சு வந்ததால் மீண்டும் எழுதுகிறேன். 1988-இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில் பூ (Boo) என்ற வெள்ளைப் பேய் வருகிறது. நாம் அதை நேராகப் பார்த்தால் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். முதுகைக் காட்டினால் வாயைத் திறந்துகொண்டு துரத்தும். அதைச் சந்தித்த முதல் நாளில் நான் பயந்துபோய்த் திரும்பி ஓடினேன், அதாவது செய்யக்கூடாததைச் சரியாகச் செய்தேன். அண்ணன் சொன்ன வழியோ அதைவிட மோசம்: பேயைப் பார்த்துக்கொண்டே நில் என்றான். நின்றேன். பேயும் நின்றது. நேரம் தீர்ந்து செத்தேன். இரண்டடி முன்னே நடப்பதும், சட்டென்று திரும்பிப் பார்ப்பதும், மறுபடி நடப்பதுமாகப் போக வேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது.

இந்தப் பேய்க்கு ஒரு மூலக்கதை உண்டு. மியாமோட்டோவோடு சேர்ந்து அந்த ஆட்டங்களை உருவாக்கிய தகாஷி தேசுகாவின் மனைவி மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவராம். கணவர் எந்நேரமும் அலுவலகத்திலேயே கிடந்ததால் ஒருநாள் பொறுமையிழந்து சீறிவிட்டாராம். அதிலிருந்துதான் பூ பிறந்தது என்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பேயின்மேல் பயம் போய்ப் பரிவு வந்துவிட்டது. வேலையிலிருந்து தாமதமாக வரும் கணவரிடம் நானும் ஒன்றிரண்டு முறை பூவாக இருந்திருக்கிறேன்.

அதே பாகத்தின் பாலைவன உலகத்தில், திரையின் மூலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு சூரியன் இருக்கும். படம்தானே என்று நாம் பாட்டுக்கு நடந்தால், ஓரிடத்தைத் தாண்டியதும் அது கீழே பாய்ந்து வரும். வானத்தையும் நம்பக்கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆமை ஓட்டை எறிந்து அந்தச் சூரியனையும் வீழ்த்தலாம் என்பது அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை.

பனிச்சறுக்கு

எனக்கு இந்தப் பழைய இயந்திரங்கள் பரிச்சயம் இல்லை. 2017-இல் வந்த சூப்பர் மரியோ ஒடிஸியை என் ஒன்பது வயது மகனோடு ஆடுகிறேன். அதில் மரியோ தொப்பியை எறிந்தால் எதிரியின் உடலுக்குள்ளேயே புகுந்துவிடலாம். கூம்பாவின் தலையில் தொப்பியும் முகத்தில் மீசையும் முளைக்கும். பிறகு நாமே கூம்பாவாக நடக்க வேண்டும். ஒரு கூம்பாவின் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

பனிக்கட்டி மேல் மரியோ வழுக்குகிறான், கூம்பா வழுக்குவதில்லை. இதை என் மகன்தான் முதலில் கவனித்தான். "அப்பா, இதுக்குக் கால் நல்லா பிடிக்குது, பாருங்க" என்றான். மரியோவாக ஆடியபோது ஓரிடத்தில் பத்து தடவைக்கு மேல் வழுக்கி விழுந்த நாங்கள், கூம்பாவாக அதை அமைதியாக நடந்து கடந்தோம். அதற்குப் பிறகு பழைய மரியோ ஆட்டத்தை அதே இயந்திரத்தில் அவனுக்குக் காட்டினேன். முதல் கூம்பா எதிரே வந்தது. அவன் மிதிக்கவில்லை, தாண்டிக் குதித்தான். ஏன் என்று கேட்டதற்கு, "பாவம்பா, அது நம்மாளு" என்றான். அந்த ஸ்டேஜ் முழுவதையும் ஒரு கூம்பாவையும் மிதிக்காமல் முடிக்க வேண்டும் என்று இப்போது எங்களுக்குள் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்றே ஒன்றாக வரும் அந்தப் பச்சை ஆமைக்கு மட்டும் அவன் விலக்கு அளிக்கவில்லை.

எட்டாம் உலகம்

லக்கிட்டுவைச் சொன்னவரிடம் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொள்கிறேன். என் கருத்துக்கு எதிரான இன்னொரு சாட்சியை நானே தருகிறேன்: சுத்தியல்களை எறிந்துகொண்டே இருக்கும் சுத்தியல் சகோதரர்கள். என் பட்டப்பெயர் எட்டாம் உலகம் என்று இருப்பதற்குக் காரணமே அதன் மூன்றாம் ஸ்டேஜில் இரண்டிரண்டாக நிற்கும் இவர்கள்தான். குதிப்பதிலும் எறிவதிலும் இவர்களுக்கு ஒரு நிலையான தாளம் இல்லை. பொறுமையாக நின்று தாளத்தைப் படித்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கி நின்றால், சற்று நேரம் பார்த்துவிட்டு அவர்களே நம்மை நோக்கி நடந்து வருவார்கள். கூம்பாவிடமும் ஆமையிடமும் கற்ற பொறுமை அங்கே செல்லாக்காசு. அவர்கள் மேலே குதித்த கணத்தில் அடியில் புகுந்து ஓடுவது ஒன்றே எனக்குக் கைவந்த வழி; அதுவும் நாலில் ஒருமுறைதான் பலிக்கிறது.

பனிச்சறுக்கு அவர்களுக்கு ஒரு கேள்வி. கூம்பாவை மிதிக்காமல் முடிக்கும் உங்கள் பந்தயத்தில், ஆமை ஓட்டை உதைத்து, அது போய்க் கூம்பாக்களை வீழ்த்தினால் அது கணக்கில் சேருமா, சேராதா? உங்கள் மகனிடம் கேட்டு எழுதவும். நானும் என் தங்கை மகளும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பார்க்கலாம் என்றிருக்கிறோம்.