அப்பாவுக்கு எஸ்.எஸ்.இ.பி. நரம்புப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள், வலிக்குமா?

மன்னார்குடிக்காரன்:
அப்பாவுக்கு வயது 68. சேற்றில் இறங்கினால் காலுக்கடியில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லையாம். இருட்டில் வரப்பில் தள்ளாடுகிறார். காலின் உணர்வு மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க டாக்டர் இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். "கரண்டு வைப்பாங்களாமே, நான் வரல" என்று அடம். யாராவது எடுத்திருக்கிறீர்களா?

கும்பகோணம் டெக்னீஷியன்:
தாராளமாகக் கூட்டிப் போங்க தம்பி, இது என் அன்றாட வேலை. கணுக்காலின் உள்பக்கம் சின்னச் சின்ன மின்துடிப்பு கொடுப்போம். கால்விரல் லேசாகத் துள்ளினால் போதும். அந்தச் சேதி முதுகுத்தண்டின் பின்பக்கமாக ஏறி உச்சந்தலைக்குச் சேர ஏறத்தாழ 40 மில்லிசெகண்ட்; மணிக்கட்டில் கொடுத்தால் 20. உயரமானவருக்குக் கொஞ்சம் கூடும். தாமதமானால் வழியில் எங்கோ கோளாறு.

மூளையின் பதில் சில மைக்ரோவோல்ட்தான், உடம்பின் மற்ற மின் இரைச்சலில் அமுங்கிவிடும். அதனால்தான் நூற்றுக்கணக்கான துடிப்புகள் கொடுத்துச் சராசரி எடுக்கிறோம். 1950களில் லண்டனில் ஜார்ஜ் டாசன் கொண்டுவந்த உத்தி இது. பல்லைக் கடித்தால் தசையின் மின் இரைச்சல் புகுந்து எல்லாம் பாழ். தூங்கிவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். முதல் நாள் தலைக்குக் குளிக்கட்டும், எண்ணெய் வேண்டாம். நம்ம பக்கத்துப் பெரியவர்கள் நல்லெண்ணெய் வழிய வந்து உட்கார்ந்தால் தலையில் மின்முனைகளை ஒட்டவைக்கும் பேஸ்ட் எப்படி ஒட்டும்? பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

திருவாரூர் அக்கா:
எனக்கு எடுத்தார்கள். சுருக் சுருக்கென்று இருந்தது, அவ்வளவுதான். வைட்டமின் பி12 பார்த்தாச்சா? அது குறைந்தாலும் இப்படித்தான் தள்ளாடும்.

மன்னார்குடிக்காரன்:
ரத்தம் கொடுத்திருக்கிறோம் அக்கா, ரிப்போர்ட் வரவில்லை. அப்பா இறங்கி வந்துவிட்டார். ஆனால் நடவு முடிந்த பிறகுதானாம்.

கும்பகோணம் டெக்னீஷியன்:
நடவை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. தள்ளிப்போடாதீங்க.