குற்றவியல் பட்டப்படிப்பில் விருப்பப் பாடம்: வெளிநாட்டு மொழியா, புள்ளியியலா?

இளமாறன்
குற்றவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு விருப்பப் பாடம்தான் எடுக்க முடியும். ஒன்று ஸ்பானிஷ் அல்லது ஜெர்மன், அரிச்சுவடியிலிருந்து. இல்லையென்றால் மேல்நிலைப் புள்ளியியல். எதை எடுத்தாலும் 20 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மதிப்பெண் பட்டத்தின் தரத்தில் சேரும். ஆய்வேட்டில் இரண்டு மூன்று நாடுகளின் சொத்துக் குற்றங்களை ஒப்பிட எண்ணம். எதை எடுப்பது நல்லது?

செந்தில்வேலன்
புள்ளியியலை எடுங்கள் தம்பி. மணிக்கணக்கைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். 200 மணி என்பதில் வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் அடக்கம். வாரம் 3 மணி, 24 வாரம் என்றால் வகுப்பு வெறும் 72 மணிதான். மொழித்திறனை ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரை ஆறு நிலையாகப் பிரிப்பார்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு சொல்லும் தோராயக் கணக்கு இது: ஏ2 நிலைக்கு 180 முதல் 200 வகுப்பு மணி, பி1-க்கு 350 முதல் 400, பி2-க்கு 500 முதல் 600. ஒரு தீர்ப்பைத் தடுமாறாமல் படிக்க பி2 வேண்டும். இந்தப் பாடத்தை முடித்தவர் காப்பி வாங்கலாம், வழி கேட்கலாம். ஆய்வுக்கு அது போதாது.

மறுபக்கம், புள்ளியியல் தெரியாமல் குற்ற எண்ணிக்கையைத் தொட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான தெருக்களில் வருடத்துக்குப் பூஜ்யம் திருட்டு, நாலைந்து தெருக்களில் மட்டும் முப்பது நாற்பது. சராசரியைவிடச் சிதறல் பல மடங்கு. அதில் சாதாரண ரெக்ரஷன் (ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்கும் முறை) போட்டால் மைனஸ் இரண்டு திருட்டு என்றுகூடக் கணிப்பு வரும். எண்ணிக்கைகளுக்கென்றே உள்ள பாய்சான் என்ற மாதிரியைப் போட்டால், கணிப்பு எவ்வளவு தவறலாம் என்று காட்டும் திட்டப் பிழை சிறுத்துப்போய், இல்லாத தொடர்பெல்லாம் இருப்பதாகக் காட்டும். இப்படிச் சிதறிய எண்ணிக்கைக்கு நெகட்டிவ் பைனாமியல் என்ற மாதிரி இருப்பதே பலருக்கு ஆய்வேட்டை எழுதி முடித்த பிறகுதான் தெரியவருகிறது.

நாச்சியார்
மணிக்கணக்கு சரிதான் செந்தில் சார். ஆனால் பேசுவது, கேட்பது, எழுதுவது, படிப்பது நான்குக்கும் சேர்த்த கணக்கு அது. குற்றவியல் மாணவருக்கு வேண்டியது படிப்பது மட்டும், அதுவும் ஒரு துறையின் ஐந்நூறு அறுநூறு சொல்லுக்குள். அது 200 மணிக்குள் கைக்கு வரும்.

இளமாறன் தொடப்போவது சொத்துக் குற்றம் என்பதால் ஸ்பானிஷ் குற்றச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே இரண்டு சொற்கள்: உர்த்தோ, ரொபோ. உடைக்காமல், அடிக்காமல், மிரட்டாமல் திருடுவது உர்த்தோ. அகராதியில் ரொபோ என்றால் வழிப்பறி என்றும் இருக்கும், திருட்டு என்றும் இருக்கும். சட்டத்தின் 237-ஆம் பிரிவோ, ஆளை அடித்து, மிரட்டிப் பறிப்பதையும் ரொபோ என்கிறது. பூட்டையோ ஜன்னலையோ உடைத்து உள்ளே போய் எடுப்பதையும் ரொபோ என்றே சொல்கிறது. ஆளில்லாத வீட்டில் கதவை உடைத்து டிவியைத் தூக்கிப் போனாலும் ரொபோதான். புள்ளிவிவர அட்டவணையில் ரொபோ என்ற தலைப்பை ‘வழிப்பறி’ என்று பெயர்த்து, பக்கத்து நாட்டின் வழிப்பறியோடு ஒப்பிட்டால், கன்னமிட்டுத் திருடியதெல்லாம் வன்முறைக் குற்றமாகிவிடும். இந்தப் பிழையை எந்த ரெக்ரஷனும் பிடிக்காது. எண்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

செந்தில்வேலன்
இதற்கு மொழி படிக்க வேண்டாமே, நாச்சியார் மேடம். ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2015-இல் சர்வதேசக் குற்ற வகைப்பாட்டை வெளியிட்டதே இதற்காகத்தான். சட்டப் பெயரை விட்டுவிட்டு, நடந்த செயலை வைத்துப் பிரிக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே இருக்கிறது.

பெயரைவிட எண்ணும் விதிதான் ஆளைக் கவிழ்ப்பது. ஸ்வீடனில் புகார் வந்ததும் பதிவாகும். ஜெர்மன் போலீஸ் புள்ளிவிவரத்தில் விசாரணை முடிந்து கோப்பு அரசு வழக்கறிஞரிடம் போகும்போதுதான் ஏறும். ஒரே ஆண்டு என்று போட்டிருந்தாலும் இரண்டும் ஒரே ஆண்டின் குற்றம் அல்ல. ஐரோப்பிய ஒப்பீட்டுத் தொகுப்புகளில் இதற்கென்றே ஆங்கிலத்தில் குறிப்பு உண்டு. அதைப் படிக்காமல் மொழி வகுப்பில் உட்கார்ந்து என்ன பயன்?

நாச்சியார்
வகைப்பாடு ஆங்கிலத்தில் இருக்கிறது, மூலப் பதிவு இல்லையே. எந்த உள்நாட்டுக் குற்றம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதை ஒவ்வொரு நாட்டிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அவர் செய்தது சரியா என்று பார்க்க மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

நீங்கள் சொன்ன ஜெர்மன் புள்ளிவிவரத்தையே பாருங்கள். கொலைத் தலைப்பின் கீழ் வரும் மொத்தத்தில் கொலை முயற்சிகளும் சேர்த்தி. முயற்சி எத்தனை என்பது அட்டவணையில் பக்கத்திலேயே தனி வரிசையில் இருக்கும். முயற்சி என்பதற்கான அந்த ஒரு ஜெர்மன் சொல் தெரியாதவர் மொத்தத்தை அப்படியே எடுத்து, உயிரிழந்தவர்களை மட்டும் எண்ணும் நாட்டோடு ஒப்பிடுவார். அடுத்தது டோட்ஷ்லாக் என்ற சொல். அகராதியை நம்பினால் ‘கொலையாகாத மரணம்’ போலத் தோன்றும். ஜெர்மன் சட்டத்தின் 212-ஆம் பிரிவில் அது வேண்டுமென்றே செய்த கொலை. 211-ஆம் பிரிவில் உள்ள பேராசை, வஞ்சகம் போன்ற கூடுதல் அம்சங்கள் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

தமிழ்ச்செல்வி
நீங்கள் இருவரும் பதிவேட்டை மட்டுமே பேசுகிறீர்கள். குற்றவியலில் பாதி வேலை ஆட்களிடம் கேட்டறிவது. 1989-இல் தொடங்கிய சர்வதேசக் குற்றப் பாதிப்புக் கருத்தாய்வில் குற்றத்தின் பெயரை மட்டும் நம்பாமல், நடந்ததை விவரித்துக் கேட்கிறார்கள். மக்கள் பேச்சில் வீடு புகுந்து திருடினாலும் ‘கொள்ளையடிச்சுட்டாங்க’தான். கேள்வித்தாளைப் பெயர்த்தால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திரும்ப மூல மொழிக்குப் பெயர்க்கச் சொல்லி ஒப்பிட வேண்டும்.

நேர்காணல் என்றால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதைவிடப் பெரிய சிக்கல், அவர் பதிலைச் சீராக்கித் தருவார். பேசியவரின் தயக்கம், பாதியில் விழுங்கிய சொல், குழூஉக்குறி எல்லாம் போய்விடும். குற்றம் செய்தவரிடம் பேசும்போது தேடுவதே அதைத்தான். ஆனால் செந்தில் சார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு விருப்பப் பாடம் யாரையும் இந்த இடத்துக்குக் கொண்டுபோகாது.

இளமாறன்
செல்வி அக்கா, இணைய மொழிபெயர்ப்பியை வைத்துச் சமாளிக்க முடியாதா?

தமிழ்ச்செல்வி
அச்சான சட்டம், பொது அறிக்கை என்றால் தாராளமாக. நேர்காணல் பதிவை மட்டும் போடாதீர்கள். பேசியவரின் விவரம் வெளியார் சர்வருக்குப் போகிறது. ஒப்புதல் படிவத்தில் அது இல்லையென்றால் நெறிமுறைக் குழு அந்தத் தரவையே பயன்படுத்தக் கூடாது என்று சொல்லலாம். பொது ஆவணத்திலும் ஒரு தொல்லை உண்டு: ஒரே சொல்லை மூன்றாம் பக்கத்தில் ஒரு மாதிரியும் பத்தாம் பக்கத்தில் வேறு மாதிரியும் பெயர்க்கும். குற்றப் பெயர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பிரிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தில்வேலன்
அப்படியானால் புள்ளியியலைக் கிரெடிட்டுக்கு எடுத்துவிட்டு, மொழியைக் கிரெடிட் இல்லாத மாலை வகுப்பாகப் படிக்கட்டும். மொழித் தேர்வில் சறுக்கினாலும் பட்டத்தின் தரம் குறையாது. முன்பே அந்த மொழி கொஞ்சம் தெரிந்தவர்களை நிலைத் தேர்வு வைத்து மேல் வகுப்புக்குத் தள்ளுவார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாச்சியார்
கிரெடிட் இல்லாத வகுப்பைத்தான் கட்டுரை கெடு நெருங்கும்போது முதலில் விடுவார்கள். அதனால் எனக்கு இதில் உடன்பாடில்லை.

இளமாறன், படிவத்தை நிரப்பும் முன் ஒன்று செய்து பாருங்கள். ஸ்பானிஷ் குற்றச் சட்டத்தின் 234 முதல் 242 வரையிலான பிரிவுகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, சில பக்கம்தான். அகராதியோடு இரண்டு மாலை உட்காருங்கள். உர்த்தோ எங்கே முடிந்து ரொபோ எங்கே தொடங்குகிறது, தண்டனை எதனால் கூடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒப்பிடுங்கள். எழுதியது முக்கால்வாசி பொருந்தி, மீதியையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால் மொழியை எடுங்கள். முதல் மாலையிலேயே அலுத்துவிட்டால் செந்தில் சார் சொல்வதைக் கேளுங்கள், ஆய்வேட்டையும் ஆங்கிலத்தில் பதிவு கிடைக்கும் நாடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.