கடலூர், புதுச்சேரி நண்பர்களே: எலும்புப் படிவம் தோண்டிய அனுபவம் உண்டா?

கடலூர் முதுநகரிலிருந்து:

எம்.எஸ்சி. நிலவியல் படித்தபோது எங்கள் சார் விருத்தாசலம் வழியாக அரியலூர் பக்கம் கல்லமேட்டுக்கு அழைத்துப் போனார். டைனோசர்களின் காலம் முடியும் தறுவாயில், ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணற்கல்லும் களிமண்ணும் அங்கே வெளியே தெரிகின்றன. முழு எலும்புக்கூடு எங்களுக்கு வாய்க்கவில்லை. மழை அரித்த சரிவில் முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு தலைகாட்டியது. அதற்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

உடனே தோண்டக் கை துறுதுறுத்தது. சார் விடவில்லை. ஆணி அடித்து, கயிறு கட்டி, தரையை ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்தோம். எலும்பு எந்தத் திசை நோக்கிக் கிடக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காம்பஸ் வைத்துப் பார்த்தோம். வடக்குக் குறியும் அளவுகோலும் பக்கத்தில் வைத்து போட்டோ. அப்புறம் கிராஃப் தாளில் கையால் ஒரு படம். ஒவ்வொரு விரிசலும் அதில் வந்தாக வேண்டும். துண்டுக்கு ஓர் எண், அதே எண் நோட்டிலும். இதற்கே உச்சிவெயில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் தோண்டல். எலும்பைத் தொடாமல் சுற்றிலும் பள்ளம் எடுத்து, அடியில் மண்பீடம் விட்டோம். விரிசல்களில் அசிட்டோனில் கரைத்த பிசினைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். மேலே நனைத்த டிஷ்யூ தாள், அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த சாக்குப் பட்டைகள். கால் முறிந்தவருக்கு மாவுக்கட்டு போடுவது போலத்தான். இறுகியதும் பீடத்தை அறுத்து, புரட்டிப் போட்டு, அடிப்பக்கமும் கட்டினோம்.

சார் அவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. யாதகிரி, அய்யாசாமி என்ற நிலவியலாளர்கள் இருவரும் 1980களில் விவரித்த புருகத்காயோசாரஸ் என்ற டைனோசர் இதே கல்லமேட்டில் கிடைத்ததுதான். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று பதிவு. உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். அந்த எலும்புகள் உதிர்ந்துவிட்டன, இன்று எதுவும் மிச்சமில்லை. முதல் கட்டுரையில் இருந்த கோட்டோவியங்கள் போதாமல், அது எலும்பே அல்ல, கல்லாய்ப் போன மரம் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் பழைய களப் புகைப்படங்கள் வெளிவந்தன. நம் மண்ணில் வாழ்ந்த அவ்வளவு பெரிய உயிருக்கு இப்போது சாட்சி படங்களும் குறிப்புகளும் மட்டுமே என்பது எனக்கு ஆறாத வருத்தம். களத்துக்குப் போகும் மாணவர்கள் வரைவதைச் சுமையாக நினைக்காதீர்கள்.

வில்லியனூரிலிருந்து:

அண்ணா, கல்லாய்ப் போன மரம் என்றதும் திருவக்கரைதான் ஞாபகம் வருகிறது, எங்களுக்கு பைக்கில் போகிற தூரம். ஆனால் அந்த மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுதான். டைனோசர்கள் அழிந்து 4 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுப் புதைந்தவை. அதனால்தான் வேரும் கிளையும் இல்லை. டைனோசர் காலத்துப் பாறை எங்கள் பக்கம் வழுதாவூர், சேதராப்பட்டு வட்டாரத்தில் இருக்கிறது. அது கடலடியில் படிந்தது, அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரிகளின் சுருள் ஓடுகள்தான் கிடைக்கும். கே, கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பக்கம் சேகரித்தவற்றை ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் 1846-லேயே விவரித்திருக்கிறார். சரி, வயலில் ஒரு துண்டு கிடைத்தால் மரமா எலும்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடலூர் முதுநகரிலிருந்து:

தம்பி, கை லென்ஸில் பாருங்கள். எலும்பின் உட்பக்கம் பொடித்துளைகளாக இருக்கும். மரத்தில் நார் நீளவாக்கில் ஓடும், குறுக்கு முகத்தில் வளையம் தெரியலாம். நாக்கால் தொட்டுப் பார்ப்பதும் களத்தில் உண்டு. துளையுள்ள எலும்பு லேசாக ஒட்டும். எதுவானாலும் பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, கிடந்த கிடையிலேயே படமெடுத்து, போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்குச் சொல்லுங்கள்.