மறு: ‘கிரம்பிள் ஸோன்’ தமிழில் எப்படி?

> ‘நொறுங்கு மண்டலம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

அம்மா, வணக்கம்.

கிரம்பிள் ஸோன் என்பது மோதும்போது தான் மடிந்து உள்ளே இருப்பவர்களைக் காக்கும் காரின் முன், பின் பகுதி. அதற்கு நீங்கள் சொன்ன ‘நொறுங்கு’ எனக்கு ஒட்டவில்லை. அப்பளம் நொறுங்கும், கண்ணாடி நொறுங்கும். காரின் முன்பக்கத் தகடு அப்படித் தூள் தூளாவதில்லை. மடிந்து, உள்வாங்கி, மோதலின் ஆற்றலைத் தின்றுவிடுகிறது. தகர டப்பாவை மிதித்தால் என்ன ஆகிறதோ அதுதான். நம் வேலூர்ப் பக்கத்தில் அதை ‘நசுங்கிப்போச்சு’ என்போம்.

போன வாரம் பதினோராம் வகுப்புச் செய்முறையில் இதைச் செய்து பார்த்தோம். ஆம்பூரில் ஷூ பெட்டிக்கா பஞ்சம்! சக்கரப் பலகைமேல் ஒரு கெட்டியான மரப்பெட்டி, அதற்குள் பச்சை முட்டை. சரிவில் விட்டுச் செங்கல்லில் மோதவிட்டோம், முட்டை உடைந்தது. அடுத்து ஷூ பெட்டி அட்டையைக் குழலாகச் சுருட்டி வண்டியின் மூக்கில் ஒட்டினோம். 12 செ.மீ. குழல் 5 செ.மீ. ஆனது; முட்டை பிழைத்தது. ஸ்கேலும் கையுமாகக் குனிந்திருந்த மாணவி சொன்னாள்: “சார், மூக்குதான் நசுங்கிச்சு, பொட்டி நசுங்கவேயில்ல.”

நமக்கு வேண்டிய இரண்டு சொல்லும் அதில் இருக்கின்றன. நசுங்கு + இடம் = நசுங்கிடம். ஆட்கள் உட்காரும் உறுதியான பகுதி நசுங்காக்கூடு. 1951இல் கார்ப் பொறியாளர் பெலா பாரென்யி காப்புரிமை கோரியதும், 1959இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்ததும் இந்த ஜோடிதானே: முன்னும் பின்னும் விட்டுக்கொடுக்கும், நடுக்கூடு விறைத்து நிற்கும். முதல் சொல்லை மட்டும் கொடுத்தால், நெடுஞ்சாலையில் மூக்கு நசுங்கிய காரை இழுத்துப்போவதைப் பார்க்கும் பிள்ளை, ‘லேசான தகரம், பழைய வண்டிதான் கெட்டி’ என்றே நினைக்கும்.

கணக்கும் எளிது. மணிக்கு 36 கி.மீ. என்பது விநாடிக்கு 10 மீ. வண்டி 5 செ.மீ.க்குள் நின்றால் எதிர்முடுக்கம் 1000 மீ/வி²; 50 செ.மீ. நசுங்கி நின்றால் 100. இரண்டிலும் உந்த (நிறை × வேகம்) மாற்றம் ஒன்றே, ஆகவே கணத்தாக்கும் (விசை × நேரம்) ஒன்றே. நேரம் பத்து மடங்கு நீள்வதால் விசை பத்தில் ஒரு பங்காகிறது. பெல்ட் போட்டவருக்குத்தான் இந்தக் கணக்கு. போடாதவர் பழைய வேகத்திலேயே முன்னால் போய் மோதுவார்.

‘மண்டலம்’ வேண்டாம் அம்மா, ஒரு பானெட்டுக்கு அது பெரிய சொல்.

ஒரு சந்தேகம் மிச்சம். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கும் இதே வேலையைச் செய்கிறது. ஒரு முறை நசுங்கினால் மாற்றியே ஆக வேண்டும். அதையும் நசுங்கிடம் என்பதா, ‘நசுங்கடுக்கு’ என்று பிரிப்பதா?