மறு: ஃபார்வேர்டு வாழ்த்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

> கிரீட்டிங் கார்டுக்கு 'வாழ்த்தட்டை', இ-கார்டுக்கு 'மின்வாழ்த்தட்டை'. பொங்கலன்று வாட்ஸப்பில் வந்து குவியும் படங்களை 'முன்னனுப்பு வாழ்த்து' எனலாமா?

முதல் இரண்டிலும் எனக்குச் சண்டை இல்லை. (வாழ்த்தட்டை என்றதும் காலில் ஒட்டும் அட்டை நினைவுக்கு வருவது என் கோளாறு.) மூன்றாவதுதான் இடிக்கிறது. முன்பணம், முன்பதிவு என்று பழகிய காதுக்கு, 'முன்னனுப்பு' என்றால் பண்டிகைக்கு முன்பே அனுப்பியது என்றுதான் படும். 'மேலனுப்பு' என்றும் ஒரு சொல் உண்டு; அலுவலகத்தில் கோப்புகளை மேலனுப்புவார்கள். ஆனால் பெரியப்பாவுக்குப் போகும் கரும்புப் படம் என்ன, விடுப்பு விண்ணப்பமா?

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். 1980களில் எங்கள் வீட்டில் யாரும் 'அட்டை' என்று சொன்னதில்லை. 'பொங்கல் வாழ்த்து வாங்கணும்', 'மாமா வீட்டிலிருந்து வாழ்த்து வந்திருக்கு', அவ்வளவுதான். மார்கழி பாதியிலேயே கடை வாசலில் சணல் கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள்: பொங்கல் பானை, ஜோடி மாடு, முருகன், எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல். அத்தைக்கு முருகன், சிநேகிதனுக்கு ரஜினி என்று ஆள் பார்த்துப் பொறுக்கவே ஒரு சாயங்காலம் போய்விடும். உறையை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால்தலைச் செலவு குறைவு. உள்ளே நாலு வரி எழுதினால் வாங்குபவர் தண்டம் கட்ட வேண்டிவரும் என்று அப்பா மிரட்டுவார். அதனால் கையெழுத்தோடு சரி.

அப்படியென்றால் அதிலும் வாசகம் அச்சகத்தாருடையதுதான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அலுவலர், எல்லோருக்கும் தனித்தனியே கடிதம் எழுதி மாளாது என்றுதான் ஓவியர் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லிக் கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்தார். நம் தந்தியில் இன்னும் சுருக்கம்: வாழ்த்து வாசகங்களுக்கு எண் உண்டு, படிவத்தில் எண்ணைக் குறித்தால் போதும். 2013இல் தந்தியோடு அதுவும் போயிற்று. ஆகவே 'சொந்தமாக எழுதாதது' என்பதை வைத்துப் பெயரிட்டால் பழைய அட்டையும் அதில் மாட்டிக்கொள்ளும்.

எங்கே வேறுபடுகிறது? பழையதில் 'அன்புடன்' என்று அச்சிட்டு, கீழே ஒரு புள்ளிக்கோடு விட்டிருப்பார்கள். அங்கே உங்கள் பெயரை நீங்கள்தான் எழுத வேண்டும். வாட்ஸப் படத்தில் அந்தக் கோடே கிடையாது. அந்த இடத்தில் ஏதோ ஒரு நகைக்கடையின் பெயர் இருக்கும். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று தெரியாமல் கை மாறிக்கொண்டே போகிறது.

எனவே 'கைமாற்று வாழ்த்து' என்று முன்மொழிகிறேன். கைமாற்றுக் கடனைப் போலவே எழுத்தில்லை, வட்டியில்லை, ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

---

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் கைமாற்று என்றால் வாங்கினவரிடமே திருப்பித் தர வேண்டுமே? ஃபார்வேர்டில் அந்தக் கடன் இல்லையே?

---

இல்லை என்றா சொல்கிறீர்கள் அம்மா? காலையில் ஒரு படம் அனுப்பியவருக்கு மதியம்வரை பதில் போடாமல் இருந்து பாருங்கள், தெரியும். அட்டைக் காலத்திலும் இதே கணக்குதான். இரண்டு பொங்கலுக்குத் தொடர்ந்து வாழ்த்து வராவிட்டால், அப்பா தன் நோட்டில் அந்த விலாசத்தை அடித்துவிடுவார்.

அப்புறம், மின்வாழ்த்தட்டையிலும் அந்த அட்டையை எடுத்துவிடலாம். 'மின்வாழ்த்து' போதும்.