நவம்பர் 22 லேஅவுட் மலர்க் கண்காட்சி: ரோஜா, டேலியா, தொட்டிச் செடிகளை இப்போதிருந்து எப்படித் தயார் செய்வது?

கே.ஆர்.புரம் மொட்டைமாடி (அக்டோபர் 2)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் லேஅவுட் குடியிருப்போர் சங்கம் நவம்பர் 22 அன்று வீட்டில் வளர்த்த பூக்களுக்கும் செடிகளுக்கும் போட்டி வைக்கிறது. நான் பெயர் கொடுக்க நினைக்கும் பிரிவுகள்: ஹைப்ரிட் டீ ரோஜா ஒரு தண்டு, ஃப்ளோரிபண்டா ரோஜா ஒரு கொத்து, டேலியா ஒரே வகையில் மூன்று தண்டு, சேவந்தி தொட்டி, 8 அங்குலத் தொட்டியில் இலைச்செடி. காலை 7 முதல் 8.30 வரை கொண்டுபோய் வைக்க வேண்டும். 9 மணிக்கு நடுவர்கள் வருவார்கள்.

கையில் இருப்பவை: 12 அங்குலத் தொட்டியில் பன்னிரண்டு ரோஜா (தண்டுக்கு ஒரு பெரிய பூ விடும் ஹைப்ரிட் டீயில் டபுள் டிலைட், ஃபர்ஸ்ட் பிரைஸ்; கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டாவில் வெள்ளை ஐஸ்பெர்க்), முழங்கால் உயரத்தில் நான்கு டேலியா, மொட்டே வைக்காத மூன்று சேவந்தி, கோலியஸ் இரண்டு, குரோட்டன் ஒன்று. ரோஜாவை எப்போது கவாத்து செய்தால் 22ஆம் தேதிக்குப் பூ சரியாக நிற்கும்? சேவந்தி ஏன் மொட்டு வைக்கவில்லை? மழையில் பூ கறை பிடிப்பதைத் தடுக்க என்ன வழி? ஜீனியா விதை இப்போது போட்டால் எட்டுமா?

---

அல்சூர் ரோஜா

முதல் வேலையாகச் சங்கத்தின் விதித் தாளை வரிவரியாகப் படியுங்கள். நல்ல பூ தோற்பது பெரும்பாலும் அங்கேதான். ‘ஒரே வகையில் மூன்று தண்டு’ என்றால் மூன்றும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மலர்ச்சி நிலையில் இருக்க வேண்டும். ஒன்று பெரிதாக இருந்து இரண்டு சிறுத்தால், மூன்றும் நடுத்தரமாக இருக்கிற ஜாடி அதை முந்திவிடும். ஹைப்ரிட் டீ ஒரு தண்டில் பக்க மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலே பல இடங்களில் நீக்கிவிடுகிறார்கள். செடி எத்தனை மாதம் உங்களிடம் வளர்ந்திருக்க வேண்டும், ஜாடி அவர்கள் தருவார்களா, வகைப் பெயர் எழுத வேண்டுமா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

பெங்களூரில் இந்தப் பருவத்தில் கவாத்திலிருந்து பூவுக்கு 45 முதல் 50 நாள் ஆகும். வானம் மூடியே இருந்தால் இன்னும் சில நாள் தள்ளும். அதனால் எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். நான்கு செடியை அக்டோபர் 3, நான்கை 6, மீதி நான்கை 9 என்று பிரித்தால் 50, 47, 44 நாள் வரும். இதழ் அதிகமுள்ள வகைகள் மெதுவாக விரியும், அவற்றை முதல் தவணையில் வையுங்கள். இது லேசான கவாத்து. தண்டின் மேல் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு (துளிர் கிளம்பும் புடைப்பு) கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். பென்சிலைவிட மெல்லிய குச்சிகள் கண்காட்சிப் பூவைத் தாங்காது, அவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள்.

வெட்டிய கையோடு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு மேசைக்கரண்டி எலும்புத்தூள். துளிர் இரண்டு அங்குலம் வந்ததும் வாரம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு 2 கிராம். மொட்டு பட்டாணி அளவு ஆனதும் அதை நிறுத்திவிட்டு, 0:0:50 (சாம்பல் சத்து மட்டும் உள்ள உரம்) லிட்டருக்கு 1 கிராம், இரண்டு முறை போதும். கடைசிப் பத்து நாள் வெறும் தண்ணீர்தான். தழைச்சத்து கடைசிவரை போனால் இதழ் மெலிந்து, கழுத்து தொங்கிவிடும்.

மொட்டு கிள்ளுவதில் ஹைப்ரிட் டீக்கும் ஃப்ளோரிபண்டாவுக்கும் முறை நேர் எதிர். ஹைப்ரிட் டீயில் நடு மொட்டை விட்டுவிட்டு, பக்க மொட்டுகளை மிளகு அளவிலேயே விரலால் மடக்கி ஒடித்துவிட வேண்டும். பெரிதான பிறகு ஒடித்தால் கரும்பொட்டு மாதிரி தழும்பு நிற்கும், நடுவர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். ஐஸ்பெர்க் கொத்தில் நடு மொட்டைத்தான் எடுக்க வேண்டும். அது முந்தி மலர்ந்து, மற்றவை விரியும்போது வாடிப்போய் நடுவில் ஓட்டை விட்டுவிடும்.

நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ள அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் மதிப்பெண் முறை உதவும்: வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, தண்டுக்கும் இலைக்கும் சேர்த்து 20, இதழின் திடத்துக்கு 15, சமநிலைக்கு 10, அளவுக்கு 10. அளவுக்கு இவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள். பாதியிலிருந்து முக்கால் விரிந்து, நடுமையம் கூராக உயர்ந்து நிற்கிற பூவை, தட்டையாக விரிந்த பெரிய பூ வெல்லவே முடியாது.

---

பானஸ்வாடி செடிக்காரர்

ஜீனியா ஆகாது. விதையிலிருந்து நல்ல பூவுக்கு எட்டு வாரமாவது வேண்டும், உங்களிடம் இருப்பது ஏழு. செண்டுமல்லிக்கும் இதே கணக்குதான்.

டேலியா முழங்கால் உயரம் இருப்பது நல்ல நிலை. ஒரு செடிக்கு நான்கைந்து தண்டு மட்டும் விடுங்கள். ஒவ்வொரு தண்டிலும் நுனியில் மூன்று மொட்டு சேர்ந்து வரும். நடுவிலுள்ளதை விட்டுப் பக்கத்து இரண்டையும் கிள்ளுங்கள், அதற்குக் கீழ்க் கணுவில் வரும் துளிரையும் எடுத்துவிட்டால் தண்டு நீளும். பட்டாணி அளவு மொட்டு பூவாக மூன்று வாரம் பிடிக்கும், பெரிய பூ வகைக்கு நான்கு. அதனால் அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் முதல் தேதி வரை பட்டாணி அளவில் இருக்கும் மொட்டுகளைத்தான் கண்காட்சிக்கு என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் வருவதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். தண்டு உள்ளே பொள்ளல், காற்றடித்தால் முறியும். மூங்கில் குச்சியில் எட்டு வடிவ முடிச்சாகத் தளர்வாகக் கட்டுங்கள்.

சேவந்தி விஷயத்துக்கு வருகிறேன். தொட்டி எங்கே இருக்கிறது? இரவில் விளக்கு வெளிச்சம் படுகிறதா?

---

கே.ஆர்.புரம் மொட்டைமாடி

மிக்க நன்றி. சேவந்தி மூன்றாவது மாடி வராந்தாவில் இருக்கிறது. அங்கே டியூப்லைட் விடிய விடிய எரியும். அது காரணமா? வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்பதும் ஒரு சந்தேகம், ஐஸ்பெர்க் ஓரமெல்லாம் பழுப்பாகிறது.

---

பானஸ்வாடி செடிக்காரர்

அதேதான் காரணம். சேவந்தி மொட்டு வைக்க நீண்ட, முறியாத இருட்டு வேண்டும். பெங்களூரில் ஜூன் 21 அன்றுகூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை, ஆகவே இந்த ஊரில் சேவந்தியைத் தடுப்பது சூரியன் இல்லை, விளக்குதான். புத்தகம் படிக்கப் போதாத வெளிச்சமே செடிக்குப் பகல் மாதிரி. பூப்பண்ணைகளில் செடி உயரமாக வளரும்வரை மொட்டு வராமலிருக்க, வேண்டுமென்றே இரவில் பல்பு போடுகிறார்கள். உங்கள் வராந்தா அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இன்றிலிருந்து இருட்டு கொடுத்தாலும் வகையைப் பொறுத்து ஏழிலிருந்து பதினொரு வாரம் ஆகும். 22ஆம் தேதிக்கு எட்டுவது சந்தேகம், அந்தப் பிரிவை விட்டுவிடுவதே நல்லது. செடியை மாடிக்கு மாற்றுங்கள், டிசம்பரில் பூக்கும். இடம் மாற்ற வழியில்லை என்றால் மாலை 6 முதல் காலை 7 வரை கறுப்புத் துணியால் கூடாரம் மாதிரி மூடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே சூடு தேங்கினால் மொட்டு இன்னும் தாமதமாகும். தீபாவளிக்குச் செடியைச் சுற்றி சீரியல் லைட் கட்டிவிடாதீர்கள்.

---

அல்சூர் ரோஜா

ஐஸ்பெர்க் ஓரம் பழுப்பாவது இலைப்பேன். வெள்ளையிலும் வெளிர் நிறத்திலும்தான் முதலில் தெரியும். ஒரு பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள், மயிரிழை மாதிரி ஊர்ந்தால் அதுவே. இப்போது பூத்திருப்பதையெல்லாம் பறித்துப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். துளிர் பருவத்தில் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய 1 மில்லி சோப்புக் கரைசல், சாயங்காலத்தில், வாரம் ஒருமுறை. மொட்டில் நிறம் தெரிந்த பிறகு எண்ணெய் கூடாது, இதழில் கறை விழும். அந்தக் கட்டத்தில் தேவைப்பட்டால் ஸ்பினோசாட் 45 எஸ்சி என்ற பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.3 மில்லி, தேனீ வராத அந்தி நேரத்தில், மொட்டின் மேல் மட்டும். இலையில் சாம்பல் நோய் வந்தால் நனையும் கந்தகம் 2 கிராம். ஆனால் அது வெள்ளைப் பொடியாகப் படியும், கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

மழைக்குப் பழைய குடைதான் சிறந்தது. கம்பில் கட்டிப் பூவுக்கு ஓர் அடி மேலே நிற்க வையுங்கள். பாலித்தீன் பையைப் பூவின் மேல் மாட்டிக் கட்டினால் உள்ளே வியர்த்து, இளஞ்சிவப்புப் புள்ளியும் அழுகலும் வரும். ஒரு எச்சரிக்கை: டபுள் டிலைட்டின் சிவப்பு ஓரம் வெயில் பட்டால்தான் ஏறும். நாள் முழுக்கக் கறுப்புக் குடையின் கீழ் இருந்தால் வெளுத்த கிரீம் பூதான் கிடைக்கும். மழை நின்றதும் குடையை எடுத்துவிட வேண்டும்.

---

ஜெயநகர் இலைச்செடி

தொட்டிச் செடி பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தப் பிரிவில் பரிசு வாங்குவது ஒப்பீட்டளவில் எளிது, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் நர்சரியிலிருந்து வந்த நிலையிலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

8 அங்குலம் என்பது விளிம்பின் உட்புற அளவா வெளிப்புறமா என்று கேளுங்கள். அரை அங்குலத்தில் நீக்கிவிடுவார்கள். அடுத்து, தொட்டியில் ஒரே செடிதான் இருக்கிறதா என்று மண்ணைச் சற்று விலக்கிப் பாருங்கள். நர்சரிக்காரர்கள் அடர்த்தியாகத் தெரிய கோலியஸ் நாற்று மூன்றைச் சேர்த்து ஊன்றுவது வழக்கம், தனிச்செடிப் பிரிவில் அது செல்லாது.

கோலியஸைக் கடைசியாக அக்டோபர் 12 வாக்கில் நுனி கிள்ளுங்கள். அதற்குப் பிறகு கிள்ளினால் வெட்டுவாய் மூடிப் புது இலை நிரம்ப நேரம் இருக்காது. பூங்கதிர் தலைகாட்டினால் அன்றே எடுத்துவிடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் செடி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிறையும். திருப்பாத செடிக்கு ‘முதுகு’ விழுந்துவிடும். குரோட்டனுக்கு இப்போது தொட்டி மாற்ற வேண்டாம், இடமும் மாற்ற வேண்டாம். அதிர்ச்சியில் அடி இலையை உதிர்த்துவிட்டால் மொட்டைக் கால் தெரியும், ஏழு வாரத்தில் அது மூடாது.

கடைசி வாரம் சுத்தம் செய்யும் வேலை. இலையை ஈரத் துணியால் மேலும் கீழும் துடைக்க வேண்டும், கோலியஸ் மாதிரி மென்ரோம இலையை மட்டும் மெத்தென்ற பிரஷ்ஷால். எண்ணெய், பால், பளபளப்பு ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். துளைகள் அடைபடும், செயற்கை மினுமினுப்புக்கு மதிப்பெண்ணும் குறையும். இலைக் கக்கத்தில் மாவுப்பூச்சி இருந்தால் காதுக்குச்சியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு எடுங்கள். ஒரு பூச்சி தெரிந்தாலும் மற்ற செடிகளுக்குப் பரவும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். மண்தொட்டியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து தேங்காய் நாரால் தேயுங்கள், மண்ணுக்குள் வடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மல்லேஸ்வரம் வாசகர்

வெட்டின பூ வாடாமல் இருக்க ஆஸ்பிரின் ஒன்றைத் தண்ணீரில் போட்டால் போதும், கொஞ்சம் சர்க்கரையும் சேர்க்கலாம்.

---

அல்சூர் ரோஜா

சர்க்கரை மட்டும் போட்டால் கெடுதல் சார். பாக்டீரியா பெருகித் தண்டின் குழாய்களை அடைத்துவிடும், பூ தண்ணீரில் நின்றபடியே கழுத்து தொங்கும். சர்க்கரையோடு புளிப்பும் கிருமி கொல்லியும் சேர வேண்டும்: ஒரு லிட்டருக்கு சர்க்கரை ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, வாசனையில்லாத பிளீச் கால் தேக்கரண்டி. ஆஸ்பிரின் தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக்கும், அதற்குமேல் நம்ப வேண்டாம்.

ரோஜாவை 20, 21 தேதிகளில் மாலையில் வெட்டலாம், பகல் முழுக்கச் சேர்ந்த மாவுச்சத்து அப்போது பூவில் இருக்கும். புல்லிதழ் கீழே மடங்கி, வெளியிதழ் இரண்டு விலகிய நிலைதான் சரி. வாளியைச் செடிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோங்கள். வெட்டியவுடன் தண்ணீருக்குள் தண்டைப் பிடித்து இன்னொரு அங்குலம் வெட்ட வேண்டும், குழாயில் ஏறிய காற்று வெளியேறிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தளவு மூன்று மணி நேரம் இருட்டறையில் வைத்து, பிறகு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜில் வாழைப்பழம், ஆப்பிள் இருந்தால் எடுத்துவிடுங்கள், அவை விடும் எத்திலீன் வாயு பூவை முதுமையாக்கும்.

டேலியாவுக்கு இந்த விதி இல்லை. வெட்டிய பிறகு அது மேற்கொண்டு விரியாது, முழுதாக மலர்ந்ததைத்தான் 21 இரவு வெட்ட வேண்டும். வெட்டும் முன் பூவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கடைசி வரிசை இதழ் காகிதம் மாதிரி சுருங்கத் தொடங்கியிருந்தால் காலைக்குள் பழுத்துவிடும்.

---

கே.ஆர்.புரம் மொட்டைமாடி

கேட்டதைவிட அதிகம் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. சேவந்தியை விட்டுவிட்டு நான்கு பிரிவுக்கு மட்டும் பெயர் கொடுக்கிறேன். இடம் எட்டு கிலோமீட்டர் தள்ளி. பூவை எப்படி எடுத்துப் போவது?

---

ஜெயநகர் இலைச்செடி

சோடா பாட்டில் கிரேட் ஒன்று போதும். பாட்டிலில் பாதி தண்ணீர், பாட்டிலுக்கு ஒரு தண்டு, பூக்கள் ஒன்றையொன்று உரசாமல் ஒரு குழி விட்டு ஒரு குழி. கழுத்தில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினால் ஆடாது. ஆட்டோ வேண்டாம், பக்கக் காற்றில் இதழ் ஓரம் கருகும். கார் என்றால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: கவாத்துக் கத்தரி, சின்னக் கத்தரிக்கோல், மெல்லிய பிரஷ், காதுக்குச்சி, பழைய செய்தித்தாள், ஒரு பாட்டில் தண்ணீர், பேனா. ஜாடியின் வாய் அகலமாக இருந்தால் தண்டு சாயும். செய்தித்தாளை வெளியே தெரியாமல் உள்ளே செருகி நிமிர்த்துங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இலை இருக்கக்கூடாது. மொட்டு விரிய இதழிடுக்கில் பஞ்சு வைத்திருந்தால் 8.30க்குள் எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள், ஒன்று உள்ளே தங்கினாலும் மதிப்பெண் போய்விடும். வெளியிதழ் ஒன்று கறைபட்டிருந்தால் அடியோடு பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்து எடுக்கலாம். இரண்டுக்கு மேல் எடுத்தால் பூவின் வட்டம் உடைந்துவிடும், அப்போது கூடுதல் தண்டை வைத்துவிடுங்கள்.